கந்தையின் கணக்கு

யமுனை நதிக்கரையில், இன்றைய பிரயாகை நகரத்துக்கு அண்மையில், முற்காலத்தில் கோசாம்பி என்றொரு தலைநகரம் இருந்தது. பெருங்கதையின் வாயிலாகத் தமிழருக்கு அறிமுகமான உதயணன் அந்நகரத்து அரசன். ஒருநாள் அவனுடைய அந்தப்புர மகளிர், புத்தர் பெருமானின் அணுக்கச் சீடரான ஆனந்தரின் அறவுரையைக் கேட்டு உளம் மகிழ்ந்து, ஐந்நூறு மேலாடைகளை அவருக்குக் கொடுத்துவிட்டனர். செய்தி அறிந்த அரசன் சினந்தான். துறவி ஒருவருக்கு இத்தனை துணி எதற்கு? துணிக்கடை வைக்கப் போகிறாரா? நேரே சென்று கேட்டுவிட்டான்.

ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்றான் அரசன். படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புக்கள்? மெத்தை உறையாகும். பழைய உறைகள்? தரை விரிப்பாகும். அதுவும் பழையதானால் கால்மிதியாகும். கால்மிதி பழையதானால் தூசி துடைக்கும் துணியாகும். அதுவும் கிழிந்தபின்? துண்டு துண்டாக்கிக் களிமண்ணோடு சேர்த்துக் குழைத்துத் தரை மெழுகுவோம் என்று முடித்தார் ஆனந்தர். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்தான்.

பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துரைக்கும் வினயபிடகத்தில் உள்ள வரலாறு இது. துறவின் பெருமைக்குச் சான்றாக இதனைக் கூறுவது வழக்கம். விஞ்ஞானம் பயின்றோர் கண்ணுக்கு இஃது ஒரு பண்டத்தின் ஆயுட்கணக்காகத் தோன்றும். பருத்தி என்னும் பொருள் ஆறு நிலைகளில் இறங்கி இறங்கிப் பயன் தந்து, இறுதியில் மண்ணிற் கலக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய பொருளை வாங்கவேண்டிய தேவை தவிர்க்கப்படுகிறது. அரசன் மேலும் கொடுத்த ஐந்நூறு ஆடைகளைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

வெப்பம் எங்கே செலவாகிறது

தட்பவெப்ப நிலை மாறி வருவதைப் பற்றிப் பேசும்போது ஆலைப் புகைபோக்கியும் மோட்டார் வண்டியும் நம் நினைவுக்கு வருமேயன்றி, உடுத்தியிருக்கும் சட்டை நினைவுக்கு வருவதில்லை. ஒரு பருத்திச் சட்டையின் பிறப்பைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம். பருத்திச் செடிக்கு இடும் நைட்ரஜன் உரத்தைத் தயாரிக்க இயற்கை எரிவாயு செலவாகிறது. இட்ட உரத்தில் ஒரு பகுதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு ஒரே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் திறனுடையது. பஞ்சை அரைத்துப் பிரிப்பதற்கும் நூற்பதற்கும் நெய்வதற்கும் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அடுத்து வெளுத்தலும் சாயமிடுதலும். ஒரு கிலோ துணிக்குப் பல பத்து லிட்டர் நீரைச் சூடாக்கி, அத்துணியை மீண்டும் மீண்டும் அலசி, பின்னர் உலர்த்தியாக வேண்டும். கொதிகலனின் வேலை இங்கேதான் மிகுதி.

செயற்கை இழையான பாலியெஸ்டரின் கதை வேறு. பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை வினைப்படுத்தி, ஏறத்தாழ 260 டிகிரி சென்டிகிரேடில் உருகும் ஒரு பொருளை உண்டாக்கி, அதனை உருக்கிய நிலையில் நுண்துளைகளின் வழியே பீய்ச்சி இழையாக்குகிறார்கள். வயலுக்குப் பதில் எண்ணெய்க் கிணறு என்பதே வேறுபாடு. சாயப்பட்டறை இரண்டுக்கும் பொது.

ஆக, துணியோடு தொடர்புள்ள கரியமில வாயுவிற் பெரும்பகுதி, கடையில் நாம் அதனைக் கையில் எடுப்பதற்கு முன்னரே காற்றிற் கலந்துவிட்டது. அதனைத் திரும்பப் பெற இயலாது. நம் வசத்தில் இருப்பது அச்செலவுக்கு ஈடாக எவ்வளவு பயன் பெறுகிறோம் என்பது மட்டுமே. துணி நன்றாக ‘உழைக்கிறது’ என்று தமிழில் சொல்கிறோமல்லவா? அவ்வுழைப்பே இங்கே அளவுகோல். இரண்டாண்டு உழைக்கும் சட்டை நான்காண்டு உழைத்தால், அதன் உற்பத்தியில் வெளிப்பட்ட வாயுவில் ஓராண்டுக்கு உரிய பங்கு பாதியாகக் குறைகிறது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஆடையை மேலும் ஒன்பது மாத காலம் உடுத்தினாலே அதன் கரிச் சுமை, நீர்ச் செலவு, கழிவு ஆகியவை 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் எனக் கணித்தது.

உலகம் செல்லும் திசையோ எதிரானது. 2000-ஆம் ஆண்டில் உலகெங்கும் உற்பத்தியான இழைகளின் எடை ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் டன்; 2023-இல் அது 12 கோடியே 40 லட்சம் டன்னாயிற்று. அதில் பாலியெஸ்டர் மட்டும் 57 சதவீதம். மக்கள் தொகை இதே வேகத்தில் பெருகவில்லை. எல்லன் மக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஓர் ஆடை கழிக்கப்படுவதற்குமுன் உடுத்தப்படும் தடவைகள் பதினைந்து ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்துவிட்டன. துணி கெட்டியாக இல்லாததால் மட்டும் இவ்வாறு நேரவில்லை. கிழியாத துணியையும் கழித்துவிடும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆகவே இஃது யந்திரத்தாலோ ரசாயனத்தாலோ மட்டும் தீரக்கூடிய சிக்கலன்று, பழக்கவழக்கத்தையும் சார்ந்தது.

இந்தக் கருத்தை ஒட்டியே, 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறை’ என்னும் இயக்கத்தை இந்தியா முன்மொழிந்தது. 2022 அக்டோபர் 20-ஆம் நாள் குஜராத்தைச் சேர்ந்த ஏக்தா நகரில் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் வெளியீடுகளைத் தமிழாக்குவோருக்கு ‘நுகர்வு’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். நாம் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக ‘நுகர்வு’ என எழுதுகிறோமோ, அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘தீர்த்துவிடுதல்’ என்பதாகும். தமிழிலோ மணத்தை நுகர்கிறோம், இன்பத்தை நுகர்கிறோம். நுகர்தலுக்கு நம் இலக்கியங்களில் முற்றத் துய்த்தல் என்பது பொருள். ஒரு துணியை இரண்டு தடவை உடுத்திவிட்டு எறிபவர் அதனை நுகர்ந்தாரா என்று கேட்டால், தமிழ் மரபுப்படி இல்லை என்றே சொல்லவேண்டும்.

கிழிசலின் மேல் ஊசி

கந்தை என்ற சொல் நமக்குப் பழமொழியின் வழியே பழக்கமானது. அதற்கு மூலமான ‘கந்தா’ என்னும் வடசொல், வங்காளத்தில் ‘காந்தா’ என்று வழங்கி, அங்கு ஒரு கைத்தொழிலின் பெயராகவே நிலைத்திருக்கிறது.

காந்தா தைக்கும் முறை எளிது. நைந்துபோன புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் விரித்து, ஓரங்களைப் பிணைத்து, பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே நெடுக ஓட்டுத்தையல் போடுவர். துணியும் பழையது, நூலும் பழையது. புதிதாகச் செலவாவது கையுழைப்பு ஒன்றே. இதில் அடங்கியுள்ள பௌதிக உண்மை கவனிக்கத்தக்கது. பலமுறை துவைத்த பருத்தி, கஞ்சியெல்லாம் நீங்கி மிருதுவாகி, வியர்வையை நன்கு உறிஞ்சும். ஆனால் இழுவிசையைத் தாங்காது. பல அடுக்குகளைச் சேர்க்கும்போது ஒன்றின் நைந்த இடத்துக்குக் கீழே மற்றொன்றின் நல்ல இடம் வந்து அமைகிறது. நெருங்கிய தையல் இழுவிசையை எங்கும் பரப்புவதால், ஓரிடத்திற் கிழிந்தாலும் அக்கிழிசல் அடுத்த தையலைத் தாண்டி ஓடுவதில்லை. அடுக்குகளுக்கிடையே சிறைப்படும் காற்று வெப்பத்தைக் கடத்தாமையால் குளிரும் தாங்கும். வலிமையிழந்த பொருள்களை ஒன்றுசேர்த்து வலிமையான பொருளொன்றை உண்டாக்குவதைப் பொறியியற் கல்லூரியிற் கற்பிப்பார்கள். வங்கத்துப் பாட்டிமார் திண்ணையிற் கற்றனர்.

குளிர்காலப் போர்வைக்கு லேப் என்றும், விரிப்புக்குச் சுஜனி என்றும், புத்தகங்களைப் பொதியும் சதுரத் துணிக்குப் பைட்டன் என்றும், சீப்பையும் கண்ணாடியையும் சுற்றிவைப்பதற்கு ஆர்ஷிலதா என்றும் வெவ்வேறு பெயர்கள் உண்டு. இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாக விளங்கிய குருசதய தத்தர், வங்காளக் கிராமங்களிற் சுற்றுப்பயணம் செய்யும்போதெல்லாம் காந்தாக்களைத் தேடிச் சேகரித்தார். அவருடைய சேகரிப்புகள் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் இடம் பெற்றுள்ளன.

பீகாரில் இதே தொழிலுக்குச் சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தையைப் பழந்துணிகளைத் தைத்த சுஜனியில் ஏந்துவது அங்கு வழக்கம். ‘சிதிரியா மா’ என்ற பெயரில் கந்தைகளுக்கென்றே ஓர் அன்னையையும் வழிபட்டு வந்தனர். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவோருக்கு ஒரு வார்த்தை: சிசுவின் மெல்லிய தோலுக்குப் புதுத் துணியின் கஞ்சியையும் சாயத்தையும்விட நூறுமுறை துவைத்த பருத்தி நல்லது. மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி, அம்மாநிலத்து வடகன்னட வனப்பகுதியில் வாழும் சித்தி மக்களிடையே கவந்தி, ராஜஸ்தானத்தில் ரல்லி என நாடெங்கும் இதன் உடன்பிறப்புக்கள் உள்ளன.

இன்று கடைகளில் ‘காந்தா’ என்று விற்கப்படும் புடவைகளிற் பெரும்பாலானவை புதிய பட்டிலோ புதிய பருத்தியிலோ அத்தையலைப் போட்டுச் செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கான பெண்டிருக்கு அது பிழைப்பைத் தருகிறது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் தையல் மட்டும் எஞ்சிக் கந்தை மறைந்துவிட்டது என்பதையும், அப்புடவையால் துணிச் செலவு ஏதும் குறையவில்லை என்பதையும் ஆசிரியர்கள் மாணாக்கருக்கு விளக்குதல் வேண்டும். மரபுக் கலையைக் காப்பதும் மரபான சிக்கனத்தைக் காப்பதும் வெவ்வேறு பணிகள்.

சிக்கனம் கலையாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நான் தலைநகருக்கு வந்த முதற் குளிர்காலத்தில், இரவல் வாங்கிய பஞ்சுப் போர்வை ஒன்று போர்த்தியும் போர்த்தாததுபோல் இருந்தது. பஞ்சு போதாது, புதிது வாங்கவேண்டும் என்று எண்ணினேன். தெருவழியே வந்த பஞ்சு கொட்டும் முதியவர் அதனைக் கையில் எடுத்துப் பார்த்து, பஞ்சு நல்ல பஞ்சு, தூங்கிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். உறையைப் பிரித்து, வில்லின் நரம்பால் அடித்து, ஒரு மணி நேரத்தில் அதே பஞ்சை இரு மடங்கு உயரத்துக்கு எழுப்பிவிட்டார். வெப்பத்தைக் காப்பது பஞ்சின் எடையன்று, அதனிடையே தங்கும் காற்று. நான் கல்லூரியிற் படித்துத் தேர்வும் எழுதிய பாடந்தான் இது. போர்வையைக் கண்டபோது நினைவுக்கு வரவில்லை.

பாத்திரக்காரியும் பானிபட்டும்

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகளை நம் ஊர்களிலும் காணலாம். குஜராத்திலும் தில்லியிலும் வாக்ரி சமூகப் பெண்கள் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்து வருகின்றனர். எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து தெருத்தெருவாகச் சென்று, பேரம் பேசித் துணிகளைப் பெற்று, தில்லி ரகுவீர் நகர்ச் சந்தையில் விடியுமுன் விற்றுவிடுவார்கள். நல்லவை மறுபடியும் உடையாகும். இடைத்தரமானவை பை, உறை முதலியனவாகும். மற்றவை யந்திரம் துடைக்கும் துணியாகும். ஆனந்தர் கூறிய படிகள் சந்தையில் வேறு பெயரில் நிகழ்கின்றன.

கம்பளித் துணிகளின் கடைசிப் படி ஹரியானாவிலுள்ள பானிபட்டு. கம்பளிக் கந்தையைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் முறையை 1813-இல் இங்கிலாந்தில் பேட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லா என்பவர் தோற்றுவித்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழிலின் பெரிய தலமாகப் பானிபட்டு வளர்ந்தது. உள்நாட்டுக் கந்தையோடு மேல்நாடுகள் கழித்த கோட்டுக்களும் இங்கே மூட்டை மூட்டையாக வந்து குவியும். முதலில் அவற்றை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். சிவப்பிலிருந்து சிவப்பு நூலும் நீலத்திலிருந்து நீல நூலும் கிடைத்துவிடுவதால் மீண்டும் சாயமிடவேண்டுவதில்லை. கொதிகலன் செலவு அந்த அளவுக்கு மிச்சம். பிறகு பெண்கள் தரையில் அமர்ந்து, நம் அரிவாள்மணையைப் போல் நிறுத்திவைத்த கத்தியில் துணியை இழுத்துக் கிழித்துப் பொத்தான்களையும் ஜிப்புகளையும் அகற்றுகின்றனர். முட்கள் பொருத்திய உருளை யந்திரம் துண்டுகளைப் பிய்த்து மறுபடி இழையாக்குகிறது. அதைச் சிக்கெடுத்துப் பருமனான நூலாக நூற்றுக் கம்பளம் நெய்கிறார்கள். வெள்ளம், பூகம்பம் முதலிய இடர்களின்போது வழங்கப்பட்ட துயர் துடைப்புக் கம்பளங்களில் மிகப் பல இங்கே நெய்யப்பட்டவை.

இத்தொழிலின் குறைகளையும் மறைத்தலாகாது. பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடுகிறது. ஆதலால் புதிய இழையையும் ஓரளவு கலக்கவேண்டியிருக்கிறது. கொட்டகைகளிற் பறக்கும் தூசு தொழிலாளரின் நுரையீரலுக்குக் கேடு. மேலும், எண்ணெயிலிருந்து செய்த புதிய பாலியெஸ்டர்ப் போர்வைகள், இலேசானவையாகவும் பளபளப்பாகவும் மலிவாகவும் வந்து, கந்தைக் கம்பளத்தின் சந்தையை வெகுவாகக் கைப்பற்றிவிட்டன. அவற்றின் விலையில் அவை வெளியிட்ட கரியமில வாயு சேர்க்கப்படவில்லை. சேர்த்திருந்தால் போட்டி எவ்வாறு முடிந்திருக்குமோ!

தெற்கே திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகள் துடைக்கும் துணியாகவும் மீண்டும் நூலாகவும் மாறுகின்றன. 2022-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி நம் நாட்டில் ஆண்டுதோறும் சேரும் துணிக்கழிவு ஏறத்தாழ 78 லட்சம் டன். அதில் 59 சதவீதம் மறுபயனாகவோ மறுநூலாகவோ துணித்தொழிலுக்கே திரும்புகிறது. உலகளவில், ஆடைக்குப் பயன்படும் பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகிறது. இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. எனினும் சுமை தூக்கும் பாத்திரக்காரியும் தரையில் அமர்ந்து கிழிக்கும் பெண்ணும் எத்தகைய பணியைச் செய்கின்றனர் என்பதை இவை காட்டும்.

அறுந்த கண்ணி

ஆனந்தரின் கடைசிப் படியை இப்போது மீண்டும் பார்ப்போம். துணியைக் களிமண்ணோடு குழைத்துத் தரை மெழுகுதல். பருத்தியானால் நார் மண்ணைப் பிணைக்கும், காலப்போக்கில் மக்கிவிடும். பாலியெஸ்டர் மக்காது, துகளாக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும். கால்மிதி என்னும் படியிலும் அது பயன்படாது, ஏனெனில் ஈரத்தைச் சரிவர உறிஞ்சுவதில்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலிற் கலந்துவிட்டாலோ இரண்டையும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். நம் பாட்டிமாரின் அறிவு முழுவதும் பருத்தியைப் பற்றியது. வீட்டில் வந்து சேரும் துணியோ மாறிவிட்டது. பழைய வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள் என்று உபதேசிப்போர் இம்மாறுதலைக் கருதாவிட்டால், கிராமத்துப் பெண்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

பாலியெஸ்டருக்குரிய சிக்கனம் வேறு வகையானது. அது எளிதில் நைவதில்லை. ஆகவே ஆடையாகவே அதிக காலம் உடுத்துவதுதான் ஏற்றது. பொத்தான் தைப்பதும் தையல் விட்ட இடத்தைச் சேர்ப்பதும் கைமாற்றிக் கொடுப்பதும் இங்கு முதன்மை பெறுகின்றன.

யாரிடம் சொல்வது

கள ஊழியர்கள் இச்செய்திகளை ஊர்க்கூட்டங்களிற் பேசுமுன் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். கந்தையைத் தைத்தவர்கள் பூமியைக் காப்பதற்காகத் தைக்கவில்லை. புதிதாக வாங்க வகையில்லாமையால் தைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு சேலை வாங்கும் பெண்ணிடம் போய்த் துணியைக் குறைத்து வாங்குங்கள் என்று கூறுவது அறிவீனம் மட்டுமன்று, அவமதிப்பும் ஆகும். இப்பேச்சு உரியது அலமாரி நிறைந்தோருக்கு. பெரும்பாலும் அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. நாமும் அவர்களுள் ஒருவரா என்று அவரவர் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மற்றொன்று, தானம். பழைய துணியைக் கொடுத்துவிட்டு அந்த நிறைவிலேயே புதிதாக இரண்டு வாங்கினால் மொத்தத்தில் துணி பெருகியதேயன்றிக் குறையவில்லை. உதயணன் கொடுத்த இரண்டாம் ஐந்நூறு இத்தகையதே. சிக்கனத்தைக் கேட்டு மகிழ்ந்து செலவை இரட்டித்தான்! பெறுவோர்க்கு உண்மையில் வேண்டியதா என்று பாராமல் கிழிசல்களை மூட்டை கட்டி அனுப்புவதும் தானமாகாது. தில்லியில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கிராம மக்கள் தங்கள் ஊருக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ தாங்களே அமைக்க, அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணி வழங்கப்படுகிறது. எஞ்சிய பருத்தித் துணி சுத்தம் செய்யப்பட்டு மாதவிடாய்த் துணியாகிறது. பெறுபவர் தலைகுனிய வேண்டாத இந்த ஏற்பாட்டுக்காக அவருக்கு 2015-இல் மக்சாய்சாய் விருது கிடைத்தது.

பள்ளியில் இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது, இழையை இனங்காணுதல். துணியின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியாற் பிடித்து, நீர் வைத்த தட்டின்மேல் ஆசிரியரே கொளுத்திக் காட்டவேண்டும். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கரும்புகையுடன் எரிந்து, ஆறியபின் கெட்டியான மணியாகும். கலப்பு நூலில் இரண்டு குணமும் தென்படும்.

இரண்டாவது, ஆயுளை அளத்தல். யாரிடம் எத்தனை ஆடை உள்ளது என்று வகுப்பில் எண்ணச் சொல்லலாகாது. இரண்டே சட்டை உள்ள சிறுவன் எழுந்து நிற்கும்படி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, ஏதேனும் ஒரு துணியின் உள்மடிப்பில் அது வீட்டுக்கு வந்த மாதத்தையும் ஆண்டையும் குறித்துவைக்கச் சொல்லலாம். அடுத்த ஆண்டு அது என்னவாக இருக்கிறது, ஆடையாகவா, பையாகவா, கரித்துணியாகவா என்று எழுதி வரட்டும். முற்காலத்தில் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி, துணி கிழியும்வரை அழியாமல் இருந்தது. அச்சாறு தோலிற் பட்டாற் கொப்புளிக்குமாதலால், பள்ளிக்கூடத்தில் கடையில் விற்கும் அழியாத மையே போதும்.